செம்மண் மேட்டுக் குடியினர்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, எதைப்பற்றி எழுதுவது என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. அதிபர்களின் அருஞ்செயல்களை எழுதுதற்கு எம்மினும் மூத்தோர் உளர். துடுப்பாட்ட வெற்றிகளை எழுதுதற்கு அவற்றை ஈட்டியோரே உளர். நாமோ எல்லைக்கோட்டைக் கடந்த பந்தை எடுத்துக் கொடுத்த கூட்டத்தினர். விடுதிச்சாலையின் சாம்பாரைப்பற்றி எழுதலாமெனின், அதனை ஒவ்வொரு மலரிலும் எவரேனும் ஒருவர் எழுதியே வருகின்றார். ஆதலின், இடாப்பிற் பெயர் பதியாமலும் கட்டணம் செலுத்தாமலும் எம்மோடு சில திங்கள் கல்லூரி வளவில் வாழ்ந்து, எமக்கு ஒரு பாடமும் புகட்டிச் சென்ற சிறு குடும்பம் ஒன்றைப்பற்றி எழுதத் துணிந்தோம். அக்குடும்பத்தினர் மனிதரல்லர், பறவைகள்.

பச்சைப் பஞ்சுருட்டான் எனத் தமிழகத்துப் பறவை நூலோர் வழங்கும் பறவையே அது. கட்டலான் குருவி என்னும் பெயர் ஈழத்துப் பறவைகளைப் பற்றிய பழைய நூல்களிற் காணப்படுகின்றது. இப்பெயர்களுள் ஒன்றும் அக்காலத்தில் எமக்குத் தெரியாது. தந்திக் கம்பியின்மீது அதனை அடிக்கடி கண்டமையால் 'கம்பிக் குருவி' என நாமே ஒரு பெயர் இட்டு வழங்கினோம்.

அலகு நுனி தொடங்கி வால் முடியும்வரை ஏறத்தாழ 7 அங்குலம். அதற்கு அப்பாலும் வாலின் நடுவிறகுகள் இரண்டு 2 அங்குல நீளத்துக்கு ஊசிபோல் நீண்டிருக்கும். உடல் முழுவதும் மழை பெய்து ஓய்ந்த காலத்துப் புல்லின் பச்சை. தலையிலும் பிடரியிலும் செம்பொற் சாயல்; தொண்டையில் இளநீலம்; அதன்கீழ் அட்டிகை அணிந்தாற்போல் ஒரு கருங்கோடு. மையெழுதியதுபோல் மற்றொரு கருங்கோடு கண்ணினூடாகச் செல்லும். கண்ணோ சிவப்பு. சிறகை விரித்து வெயிலிற் பறக்கும்பொழுது அடிப்புறம் புதிதாக விளக்கிய செப்புக் குடம்போல் மின்னும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. இத்துணை அழகையும் சுமக்கும் உடலின் நிறை 20 கிராம் அளவே என்பதைப் பிற்காலத்தில் நூலிற் படித்தபொழுது நாம் நம்பத் தயங்கினோம்.

பூச்சி பிடித்தலே அதன் தொழில். கம்பியிலோ, கிளுவை வேலியின் கதியாலிலோ, தோட்டக் கிணற்றின் துலாவிலோ நிமிர்ந்திருந்து தலையை இப்புறமும் அப்புறமும் திருப்பும். எமது கண்ணுக்குப் புலப்படாத ஏதோவொன்று அதன் கண்ணுக்குப் புலப்படும். உடனே எய்த அம்புபோற் பாயும். அலகு மூடும் ஓசை சிலவேளை கீழே நிற்போருக்கும் கேட்கும். பின்னர்ச் சிறகுகளை அசையாது விரித்து, வட்டமாக மிதந்து, புறப்பட்ட இடத்திற்கே மீளும். தேனீ, குளவி, தும்பி, வண்டு, ஈசல், சிறகு முளைத்த எறும்பு ஆகிய யாவும் அதற்கு உணவாம். தரையில் இறங்கித் தேடி உண்ணும் வழக்கம் அதற்கு அரிது. பறப்பதைப் பறந்தே பிடித்தல் அதன் குலமரபு.

தேனீயை அது உண்ணும் முறை கண்டு வியத்தற்குரியது. பிடித்த தேனீயை முதலிற் கம்பியில் மாறி மாறி அடிக்கும். அடித்தபின் அதன் வாற்புறத்தைக் கம்பியோடு சேர்த்துத் தேய்க்கும். அவ்வாறு தேய்க்கையில் நஞ்சு வெளியேறிவிடும். அதன் பின்னரே தலையை அண்ணாந்து விழுங்கும். தும்பியைப் பிடித்தாலோ அடிப்பதோடு சரி; தேய்ப்பதில்லை. கொடுக்குள்ளது எது, இல்லாதது எது எனப் பகுத்தறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இப்பறவையைப் பார்த்து நின்ற எம்முள், குளவிக்கூட்டுக்குக் கல்லெறிந்து முகம் வீங்கியவர் இருவர் இருந்தனர் என்பதையும் மறையாது கூறல் வேண்டும்.

செரியாத ஓடுகளையும் சிறகுகளையும் அது சிறு உருண்டைகளாகத் திரட்டி வாயினாற் கக்கிவிடும். எமது விஞ்ஞான ஆசிரியர் அவ்வுருண்டை ஒன்றைக் கம்பியின் கீழிருந்து எடுத்துவந்து, கண்ணாடித் தட்டிலே நீர்விட்டுக் கரைத்து, ஊசியாற் பிரித்துக் காட்டினார். வண்டின் ஓடும் தேனீயின் தலையும் தும்பியின் சிறகுத் துண்டும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஒரு பறவையின் நாட்குறிப்பை வாசிப்பது போன்றிருந்தது எமக்கு. தேனீ வளர்ப்போர் அதனை வெறுப்பதற்கு நியாயம் உண்டு. ஆயினும் அது உண்ணும் வண்டுகளையும் ஈசல்களையும் கூட்டிப் பார்த்தபின்னரே கணக்கு முடித்தல் வேண்டும் என்றார் அவர்.

அதன் சுற்றத்தாரையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். நீலவால் பஞ்சுருட்டான் என்பது இதனினும் பெரியது. அதனைப் பெரும்பாலும் மாரிகாலத்து விருந்தாளியாகவே நாம் காண்கின்றோம். புரட்டாதி ஐப்பசியில் வடக்கேயிருந்து வந்து வயல்வெளிகளின்மேல் உயரப் பறந்து திரிந்து, சித்திரையளவிற் சென்றுவிடும். செந்தலைப் பஞ்சுருட்டான் என்பது மழைவளம் மிக்க காட்டுப்புறங்களை விரும்புவது. எமது குடாநாட்டு வெயில் அதற்கு ஒவ்வாது போலும். எமது பச்சைப் பஞ்சுருட்டானோ வறண்ட நிலத்தையும் வெட்டவெளியையும் விரும்பி, ஆண்டு முழுவதும் எம்மோடு இருப்பது. விருந்தாளியின் அழகை வியக்கும் நாம் அயலாரின் அழகை நோக்குவதில்லை. அதனாற்றான் 14 வயது வரும்வரை அதனை நாம் நோக்கவில்லை.

நோக்கச் செய்தது ஒரு மண்மேடு.

1973 ஆம் ஆண்டு புரட்டாதியில், புதிய ஆய்வுகூடம் ஒன்றின் அத்திவாரத்தை நிரப்புதற்கென லொறிகளிலே செம்மண் வந்து, விளையாட்டிடத்தின் ஓரத்திற் குவிந்தது. மண் வந்தது, சீமெந்து வரவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் மேடு நனைந்து இறுகியது. தையில் வேலையாட்கள் வேறொரு தேவைக்காக அதன் ஒரு பக்கத்தை மண்வெட்டியால் வெட்டி எடுத்தனர். அப்பக்கம் ஆளுயரத்துக்குச் சுவர்போல் நின்றது. கட்டட வேலை நின்றுபோனதை எண்ணி அதிபர் கவன்றார். ஆனால், அச்செங்குத்துச் சுவரைக் கண்டு மகிழ்ந்தோர் இருவர் இருந்தனர். 1974 ஆம் ஆண்டு பங்குனி பிறந்தபொழுது அவ்விருவரும் அங்கே குடிபுகத் தொடங்கினர்.

இப்பறவை மரத்திற் கூடு கட்டுவதில்லை. மண்ணைக் குடைந்தே கூடமைப்பது. ஆணும் பெண்ணும் மாறி மாறி உழைக்கும். அலகினால் மண்ணைக் கொத்தி இளக்கும். பின்னர்க் கால்களால் அதனைப் பின்னோக்கித் தள்ளும். உள்ளே பறவை தெரியாது. துளையிலிருந்து செம்மண் மட்டும் பூவாணம்போற் சீறி வெளிவரும். அதன் கால்கள் மெலிந்தவை, நடப்பதற்கும் உதவாதவை. எனினும் வெளிவிரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தலால், பாதம் ஒரு சிறு மண்வெட்டியின் வேலையைச் செய்கின்றது. அத்துளை ஐந்தடி வரையும் செல்வதுண்டு. அதன் முடிவில் சற்று அகன்ற ஓர் அறை. பாயில்லை, பஞ்சில்லை, ஒரு வைக்கோற் துரும்புமில்லை. வெறுமண்ணில் மூன்று முதல் ஐந்து முட்டைகள் வரை இடும். அவை உருண்டையாய், வழுவழுப்பாய், பால்வெள்ளையாய் இருக்கும். வெளியிற் கூடு கட்டும் பறவைகள் பல தம் முட்டைகளுக்குப் புள்ளியும் கோடும் இட்டு மறைப்பன. இருட்டறையில் இடும் முட்டைக்கு வேடம் எதற்கு?

விடுதி மாணவர் ஐவர் இதனை முதலிற் கண்டோம். கண்டதை எமக்குள் வைத்திருக்க எம்மால் இயலவில்லை. நாள்தோறும் இடைவேளையில் மேட்டின் முன்னே போய் நின்றோம். பின்னர் வகுப்பினர் வந்தனர். அதன்பின் கீழ்வகுப்புச் சிறுவரும் வந்தனர். புல்லிலே ஒரு தடம் விழுந்தது. துளையின் ஆழத்தை அறிய விரும்பி, தென்னை ஈர்க்கு இரண்டைச் சேர்த்துக் கட்டி உள்ளே செலுத்தி அளந்தோம். மூன்றரை அடி என்று குறிப்பேட்டில் எழுதி, அதன்கீழ்ச் சிவப்பு மையாற் கோடும் இட்டோம். நாம் நிற்கும்பொழுதெல்லாம் பறவை கம்பியில் அமர்ந்து, தலையை ஆட்டி ஆட்டி, 'ட்ரீ ட்ரீ' என ஒலித்துக்கொண்டிருக்கும். எம்மைக் கண்டு மகிழ்ந்து பேசுகின்றது என்றே எண்ணினோம். அதற்கு ஒரு செல்லப் பெயரும் வைத்தோம்.

பங்குனி நடுப்பகுதியில் ஒருநாட் காலை போய்ப் பார்த்தபொழுது, துளையின் வாய் ஒரு சாண் அகலத்துக்குப் பிறாண்டப்பட்டுக் கிடந்தது. கீழே சிதறிய செம்மண்ணிற் பால்வெள்ளை ஓட்டுத் துண்டுகள் சில. பறவைகளைக் காணவில்லை.

ஆசிரியரை அழைத்து வந்தோம். அவர் குனிந்து நகக்குறிகளை நோக்கி, கீரியின் வேலை என்றார். கீரியைப் பிடித்துத் தண்டிக்க வேண்டும் என்று எம்முள் ஒருவன் கொதித்தான். ஆசிரியர் அவனைப் பாராமல், புல்லில் விழுந்திருந்த தடத்தையே பார்த்தார்.

"தம்பிமார், கீரிக்கும் காகத்துக்கும் கண் இருக்கு. நீங்கள் எதைப் பாக்கிறீங்கள் எண்டு அதுகளும் பாக்கும்," என்றார்.

அவ்வளவே. அடிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. அன்று மாலை விளையாட நாம் போகவில்லை. குறிப்பேட்டிலிருந்த மூன்றரை அடியை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பக்கத்தைக் கிழித்தோம். கிழித்தமையால் அது மறைந்துவிடவில்லை. ஐம்பது ஆண்டு கடந்தும் இதோ எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

இப்பறவையின் பொறுமை பெரிது. ஒரு வாரத்துக்குள் அதே மேட்டின் மறுகோடியில், எமது தடத்துக்கு எட்டாத இடத்தில், மீண்டும் மண் சீறக் கண்டோம். அவை முன்னைய இருவர்தாமா, வேறு இருவரா என்பதற்கு எம்மிடம் சான்றில்லை; முன்னையோரே என நம்ப விரும்பினோம். இம்முறை ஆசிரியர் எம் ஐவரையும் அழைத்து ஒரு சோதனை செய்வித்தார். முதலில் துளை நேரே தெரியும் இடத்தில், இருபது அடிக்கு அப்பால் நிற்கச் செய்தார். பறவை கம்பியில் வந்தமர்ந்தது, ஆடியது, ஒலித்தது, துளையை நெருங்கிப் போய் நுழையாமல் மீண்டது. கால்மணி நேரம் கழிந்தும் உட்செல்லவில்லை. பின்னர், அதே இருபது அடி தூரத்தில், கிணற்றடி மதிலின் மூலையால் திரும்பி நிற்கச் செய்தார். அங்கே நின்றாற் கம்பி தெரியும். பறவைக்கும் எமது தலைகள் தெரியும். துளை மட்டும் எமக்குத் தெரியாது. நாம் நின்று மூச்சுவிடுமுன் பறவை கம்பியைவிட்டுப் போய்விட்டது. ஆசிரியர் மெல்ல எட்டிப் பார்த்து, "உள்ளுக்குப் போட்டுது," என்றார்.

அதுகாறும் அது எம்மோடு பேசியதாக நாம் எண்ணிய பேச்செல்லாம், 'தயவுசெய்து போய்விடுங்கள்' என்னும் வேண்டுகோளே என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது.

எம் ஆசிரியரின் இச்சோதனையை அக்காலத்திற் பெரிதாக எவரும் கருதவில்லை. பல்லாண்டு கழிந்தபின், புனே நகரத்து மிலிந்த் வாட்வே என்பாரும் அவர்தம் உடனாய்வாளரும் இப்பறவையையே ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். கூட்டின் வாய் தனக்குத் தெரியும் இடத்தில் ஒருவர் நிற்கும்பொழுது பறவை கூட்டுக்குட் செல்லத் தயங்குகின்றது. ஏறத்தாழ அதே தூரத்தில், ஆயின் கூட்டின் வாய் தனக்குத் தெரியாத இடத்தில் அவர் நின்றால், அத்தயக்கம் குறைகின்றது என அவர்கள் கண்டனர். பகைவன் அருகில் உளனா என்பதை மட்டுமன்று, அவன் நிற்கும் இடத்திலிருந்து அவனுக்கு எது தெரியும் என்பதையும் இச்சிறு பறவை கணித்தறிகின்றது என்பதே அவர்தம் கருத்து. அதனைப் படித்தபொழுது கிணற்றடி மதிலின் மூலை எம் கண்முன் வந்து நின்றது. தன் நிலையில் நின்று காண்பது எல்லா உயிர்க்கும் எளிது. பிறர் நிலையில் நின்று அவர்க்கு யாது தெரியும் எனக் காண்பது மனிதருள்ளும் அரிதன்றோ?

சித்திரை விடுமுறைக்கு நாம் ஊர்களுக்குச் சென்றோம். கல்லூரி வளவு அமைதியாயிற்று. அவ்விடுமுறையே அக்குடும்பத்துக்கு நாம் செய்த முதல் உதவி எனலாம். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ இரண்டு கிழமை அடைகாப்பன. வைகாசி பிறந்த வாரத்தில், பறவைகள் அலகிற் பூச்சியோடு வருவதை மதில் மூலையிலிருந்து கண்டோம். குஞ்சு பொரித்துவிட்டது என்பது அதனாற் புலனாயிற்று.

இருட்டறையில் நிகழ்வதை நாம் காணவில்லை. பின்னர் நூல்களாலேயே அறிந்தோம். குஞ்சுகள் எல்லாம் ஒருநாளிற் பொரிப்பனவல்ல. ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிப்பன. ஆகையால் ஒரே அறையில் அண்ணனும் தம்பியும் கடைக்குட்டியும் வெவ்வேறு பருவத்தில் இருக்கும். பிறக்கும்பொழுது உரோமமில்லை, கண்ணும் திறவாது. எச்சமும் பூச்சிகளின் ஓடும் சேர்ந்து அவ்வறை நாற்றமெடுக்கும். வெளியே பொன்னும் பச்சையுமாக ஒளிரும் பறவை வளரும் இடம் அது. சிலவிடங்களிற் பெற்றோர் இருவரோடு மூன்றாவது பறவை ஒன்றும் வந்து குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதுண்டு. இவ்வாறு உதவும் பறவைகளைப்பற்றிச் சிறீதர், கராந்த் என்னும் இந்திய ஆய்வாளர் இருவர் 1993 ஆம் ஆண்டு எழுதியுள்ளனர். எமது மேட்டுக்கு அத்தகைய சித்தப்பனோ மாமனோ வந்ததாக எமக்கு நினைவில்லை. இருவரே காலை தொடங்கி மாலைவரை பறந்து பறந்து ஊட்டினர்.

அந்நாளிற்றான் சீமெந்து வந்தது.

லொறி வந்து நின்றதைக் கண்டு அதிபர் முகம் மலர்ந்தது. மறுநாள் மேசனாரும் கூலியாட்கள் அறுவரும் மண்வெட்டிகளோடு வந்துவிட்டனர். நாம் ஆசிரியரிடம் ஓடினோம். அவர் அதிபரிடம் சென்றார். அதிபர் அறையினுள் யாது பேசினர் என்பதை நாம் அறியோம். வெளியே வந்த ஆசிரியர், "மேசனாரைக் கேக்கச் சொல்லுறார்," என்று மட்டும் கூறினார். எட்டுத் திங்களாகக் காத்திருந்த வேலை, கூலி நாட்கூலி, மண்ணோ அக்கல்லூரியின் மண். ஒரு குருவிக்காக வேலையை நிறுத்து என்று கேட்க ஆசிரியருக்கும் நாக்குக் கூசியிருத்தல் வேண்டும். எனினும் கேட்டார்.

மேசனார் மேட்டைச் சுற்றிவந்தார். துளையைப் பார்த்தார். நாம் நடுங்கியபடி நின்றோம். அவர் எம் மதில் மூலைக்கு வந்து, எம்மோடு நின்று, பீடி ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு, பறவை இரையோடு உள்ளே போவதையும் வெறும் அலகோடு வெளியே வருவதையும் மும்முறை பார்த்தார்.

"மாஸ்ரர், மண்ணை மற்றப் பக்கத்தாலை எடுக்கலாம். இஞ்சாலை மூண்டு கிழமைக்குத் தொடேல்லை. அதுகளும் எங்களைப்போலை வீடு கட்டிற சாதிதானே," என்றார்.

மறுபக்கத்தால் மண் எடுப்பதெனின், சுமப்போர் விளையாட்டிடத்தைச் சுற்றி நடத்தல் வேண்டும். அந்த மூன்று கிழமையும் அவர்கள் அவ்வாறே நடந்தனர். ஒருவரும் முணுமுணுத்ததாக எமக்கு நினைவில்லை. மேடு நாளுக்குநாள் குறைந்து, ஈற்றில் துளை இருந்த பக்கம் மட்டும் ஒரு தடித்த சுவர்போல் எஞ்சியது. அதன்கீழ் எவரும் போகாதவாறு மேசனார் ஒரு பலகையைக் குறுக்கே வைத்தார். பலகையைத் துளைக்கு நேரே வையாமல், பத்தடி தள்ளியே வைத்தார். எமக்கு ஆசிரியர் கற்பித்ததை அவர் பீடி புகைந்து முடியுமுன் தாமே கற்றுக்கொண்டார்.

ஆனி பிறத்தற்குச் சில நாள் முன்னர், காலைப் பிரார்த்தனை முடிந்து வந்தபொழுது கம்பியில் ஐந்து பறவைகள் இருக்கக் கண்டோம். இரண்டு, நாம் அறிந்தவை. மூன்று, நிறம் மங்கியவை. கழுத்திற் கருங்கோடு இல்லை. வாலில் ஊசியிறகும் இல்லை. கூட்டைவிட்டு வெளிவரும் காலத்தில் குஞ்சுகள் சற்றே நிறை குறையும் என்பர். மூன்றரை அடி இருளைக் கடந்து முதன்முறை பறப்பதற்கு அது உதவும் போலும். வெளிவந்த பின்னரும் சிலகாலம் பெற்றோர் ஊட்டுவர். கம்பியில் ஒன்றையொன்று நெருங்கி உட்கார்ந்து, தாயோ தந்தையோ வரும்பொழுது மூன்றும் ஒருங்கே வாய் திறக்கும். இரவில் மரக்கிளை ஒன்றிலே தோளோடு தோள் ஒட்டி வரிசையாகத் துயிலும். விடுதிச்சாலையில் மழையிரவுகளில் நாம் துயின்றதும் ஏறக்குறைய அவ்வாறே.

மேசனாரை அழைத்துக் காட்டினோம். அவர் எண்ணினார்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு." பின்னர் மண்வெட்டியை எடுத்தார். அன்று மாலைக்குள் சுவர் தரையாயிற்று. அம்மண்ணின்மேற் கட்டப்பட்ட ஆய்வுகூடத்தில் நாம் இரண்டாண்டு பயின்றோம். அதன் தரையின் கீழ் எங்கோ அத்துளையின் மண்ணும் உண்டு.

இத்தோடு இக்கட்டுரையை முடித்திருக்கலாம். ஆயினும் அப்பறவையோடு எமக்கு உள்ள கணக்கு இன்னும் ஒன்று உண்டு.

1995 ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்களெல்லாம் ஒரே இரவிற் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்ததை இம்மலரைப் படிப்போருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நடந்தவருட் பலர் இதனைப் படிப்பர். 1996 ஆம் ஆண்டு வைகாசியில் நாம் மீண்டு வந்தபொழுது, எமது ஒழுங்கையை மறித்து உயர்ந்ததொரு மண்ணரண் நின்றது. அதனை எழுப்பியவர் யார் என்பது ஈண்டு வேண்டா. செம்மண்ணைக் குவித்து, முன்புறத்தைச் செங்குத்தாக வெட்டியிருந்தனர். எமது வீட்டுக்கு யாது நேர்ந்ததோ என்னும் அச்சத்தோடு அதனை அணுகியபொழுது, தலைக்குமேல் 'ட்ரீ ட்ரீ' என்னும் ஒலி கேட்டது. நிமிர்ந்து பார்த்தோம். அறுந்து தொங்கிய கம்பியொன்றில் அது இருந்தது. அலகில் ஒரு தும்பி. தலையை ஆட்டி ஆட்டி எம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. அரணின் முகத்தில் ஒன்றன்று, மூன்று துளைகள்.

எம்முடன் வந்தோர், "என்ன நிக்கிறியள்? வாருங்கோ," என்றனர். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே நாம் பின்வாங்கி, அரண் தெரியாதவாறு வேலியின் மூலையால் திரும்பி நின்றோம். கம்பி வெறுமையாயிற்று. வீட்டுக்குக் கூரை இல்லை என்பதைச் சற்று நேரத்திற்குள் கண்டோம். எனினும் அந்நாளை நினைக்கும்பொழுது முதலில் எமக்கு நினைவில் வருவது அவ்வெறுமையான கம்பியே. மனிதர் ஒருவரையொருவர் தடுத்தற்கு எழுப்பிய மண்ணிலும், வாயிலை மறையாது சற்று ஒதுங்கி நின்றால், ஓர் உயிர் குடியிருந்து குஞ்சு பொரிக்கும் என்பதை அன்று கண்டோம்.

இன்று எமது ஊர்களிற் கதியால் வேலிகள் அருகி மதில்கள் பெருகிவிட்டன. கிணற்றடிக்கும் முற்றத்துக்கும் சீமெந்து. தோட்டங்களிற் பூச்சிமருந்து. பச்சைப் பஞ்சுருட்டான் இன்னும் எம்மிடையே உண்டு. அருகிப்போன பறவைகளுள் ஒன்றாக அதனை எவரும் எண்ணுவதில்லை. அதற்கு வேண்டுவன மூன்றே: உட்கார ஒரு கொப்பு, பறக்கும் பூச்சி, குடைய ஒரு சாண் வெறுமண். இம்மூன்றும் செலவில்லாதவை, அதனாலேயே மறக்கப்படுபவை.

விழாவையொட்டிக் கல்லூரியில் புதிய மண்டபம் ஒன்று எழவிருப்பதாக அறிகின்றோம். மகிழ்ச்சி. எம்மால் இயன்ற சிறு தொகையையும் செலுத்தியுள்ளோம். அத்தொகைக்கு ஈடாக அன்று, பழைய கடனாக ஒன்றைக் கேட்கின்றோம். அத்திவாரத்துக்கு வரும் செம்மண்ணில் ஒரு சிறு மேட்டை விளையாட்டிடத்தின் ஓரத்திற் குவித்து, அதன் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி, பங்குனி தொடங்கி ஆனி முடியும்வரை எவரும் தொடாது விடுவாராக. குடியினர் வருவர் என்பதற்கு நாம் உறுதி கூற இயலாது. வந்தால், அங்கே பெயர்ப்பலகை நாட்டவேண்டா, வேலியும் அடைக்கவேண்டா, ஈர்க்கினால் அளக்கவும் வேண்டா. பார்க்க விரும்பும் மாணவருக்கு மதில் மூலை எங்கே இருக்கின்றது என்பதை மட்டும் ஆசிரியர்கள் காட்டிக் கொடுத்தாற் போதும்.